அம்மாவின் இடுப்பில் இருக்கும் டைட்டேனியக் கிண்ணம்: மூன்று வருடத்துக்குப் பிறகு

டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக வேலை செய்கிறேன். அம்மா 31 வருடம் கொழுந்து எடுத்தவர். இடுப்பு மூட்டு தேய்ந்து, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் வரைகூட நடக்க முடியாமல் போனபோது கண்டியில் சத்திரசிகிச்சை செய்தோம். தேய்ந்த மூட்டுக் குழிக்குள் வைத்தது முப்பரிமாண அச்சில் எடுத்த டைட்டேனியக் கிண்ணம்.

அதற்கு முன்பே வைத்தியர் ஒரு மாதிரிக் கிண்ணத்தைக் கையில் தந்தார். உட்பக்கம் கெட்டி உலோகம், வெளிப்பக்கம் கடற்பஞ்சு போல ஒரே ஓட்டை. பார்த்ததும் பயந்துவிட்டேன். எங்கள் கொழுந்து அரைக்கும் ரோலரில் சாஃப்ட் என்ற சுழலும் தண்டு உடைந்தால், ஏதாவது ஒரு சின்னப் பள்ளத்திலோ மூலையிலோதான் கீறல் தொடங்கியிருக்கும். இதில் எத்தனை ஆயிரம் மூலை! நடக்கிற மனிதர் ஒரு காலை வருடத்துக்கு ஏறக்குறைய 10 இலட்சம் தடவை ஊன்றுகிறார். ஒவ்வொரு தடவையும் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு இடுப்பில் இறங்குகிறது.

ஓட்டை ஏன் வேண்டும் என்று வைத்தியர் பொறுமையாகச் சொன்னார். அரை மில்லிமீட்டர் அளவுள்ள அந்தத் துளைகளுக்குள் எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்ளும், சீமெந்து தேவையில்லை. விறைப்பும் குறையும். விறைத்த உலோகம் சுமையெல்லாம் தானே வாங்கிக்கொண்டால் பக்கத்து எலும்பு மெலிந்துபோகுமாம்.

சரி, உழைக்குமா? அதை நானே தேடி வாசித்தேன். உலோகத் தூளை அடுக்கடுக்காக லேசரிலோ இலத்திரன் கற்றையிலோ உருக்கும்போது, அரைகுறையாக உருகிய மணிகள் மேலே ஒட்டிக்கொள்ளும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்களும் நிற்கும். கீறல் பிறப்பது அங்கேதான். மணிகளை அமிலத்தில் கரைத்து எடுக்கிறார்கள். வெற்றிடத்துக்கு, ஆர்கன் வாயு நிரம்பிய உலையில் சுமார் 920 பாகை செல்சியஸ் சூடு, வளிமண்டலத்தைப் போல ஏறக்குறைய 1000 மடங்கு அழுத்தம், 2 மணி நேரம். மூடிய வெற்றிடங்கள் நசுங்கி ஒன்றாகிவிடும். எலும்புக்காக விட்ட துளைகள் மட்டும் அப்படியே இருக்கும், ஏனென்றால் அவை வெளியே திறந்திருப்பதால் வாயு உள்ளேயும் புகுந்து எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்துகிறது. இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு அருமையான வேலை.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். கிண்ணத்தை விற்ற முகவர் தந்த கையேட்டில் துளையின் படம் பக்கம் பக்கமாக இருந்தது, இந்த அழுத்தச் சூடேற்றலைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு கடிதம் போட்டு, ஐந்து வாரம் கழித்துத்தான் "செய்திருக்கிறோம்" என்று பதில் வந்தது. அதற்காக ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன், கிண்ணத்துக்கு நான்கு. உங்கள் வீட்டில் யாருக்காவது வைக்கப் போகிறார்கள் என்றால் பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கேளுங்கள்.

போன மாத எக்ஸ்ரேயில் கிண்ணத்துக்கும் எலும்புக்கும் நடுவில் இடைவெளிக் கோடு எதுவும் இல்லை. லயத்திலிருந்து கோயிலுக்கு 62 படி. அம்மா வெள்ளிக்கிழமைகளில் தனியாகவே இறங்கிப் போய் வருகிறார்.