டெக்சாஸ் மாஸ்டர் கார்டனர் பயிற்சி: தாராளமாகச் சேரலாம்

செடி வளர்க்கத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் இந்தத் தன்னார்வலர் பயிற்சியில் சேர்ந்தேன். 50 மணி நேர வகுப்பு, அப்புறம் 50 மணி நேரம் ஊருக்காக வேலை, இரண்டையும் முடித்தால்தான் சான்றிதழ். மண் பாடம் ஒன்றுக்கே கட்டணம் தகும். வீட்டுக் கறிவேப்பிலையில் நரம்பு பச்சையாகவே இருக்க இலை மட்டும் மஞ்சளாகிக்கொண்டே வரும், நானும் வருடக்கணக்கில் உரத்தைக் கொட்டிக்கொண்டிருந்தேன். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் காரத்தன்மை அதிகம் என்பதால் வேர் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை என்பது மண் பரிசோதனைக்கு அப்புறம்தான் புரிந்தது. பூச்சியைக் கண்டதும் மருந்தடிக்காமல், முதலில் அது என்ன பூச்சி என்று பார்க்கப் பழக்குகிறார்கள், இது எனக்கு ரொம்பப் பிடித்தது. வேலைக்குப் போகிறவர்கள் நேரத்தை யோசித்துச் சேருங்கள். இப்போது சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு விதை ஊன்றக் கற்றுத்தருகிறேன், போன வாரம் வெண்டை முளைத்துவிட்டது!