ஒரே நீர்ப்பூஞ்சையா, வேறு வகையா: வடிவமா, டி.என்.ஏ.வா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துப் பாரிட் (வாய்க்கால்) தண்ணீரை மொண்டு, அவித்த எள்ளைப் பிளந்து போட்டால் மூன்று நாலு நாளில் வெள்ளைப் பஞ்சுபோல நீர்ப்பூஞ்சை முளைத்துவிடும். கெலி மீன் (கெளுத்தி வகை) வளர்க்கும் அண்ணன் அதைப் பார்த்து, "என் தொட்டியில மீன் மேல படர்றதும் இதுதானா தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் பாரிட்டிலிருந்தும் தொட்டியிலிருந்தும் ஒன்பது வளர்ப்புகளை (தட்டில் வளர்க்கும் மாதிரிகளை) தனித்தனியே பிரித்தேன்.

பேரினம் வரைக்கும் வடிவமே போதும். நீந்தும் வித்துகள் வித்துப் பையைவிட்டு ஓடினால் சப்ரோலெக்னியா. பையின் வாயிலேயே உருண்டையாகத் திரண்டால் அக்லியா. (கறாராகச் சொன்னால் இரண்டும் பூஞ்சையே அல்ல, பழுப்புப் பாசிக்கு உறவு.)

இனத்துக்குள் இறங்கினால்தான் சிக்கல். பாலினப் பெருக்கத்துக்கான முட்டைகள் உருவாகும் முட்டைப் பையைப் பார்க்க வேண்டும்; மீனிலிருந்து எடுத்தவை பல அதை விடுவதே இல்லை. 1923-இல் கோக்கர் என்ற தாவரவியலாளர் சப்ரோலெக்னியா பாரசிட்டிகா என்று பெயர் வைத்தது அப்படிப்பட்டவற்றுக்குத்தான். 1978-இல் வில்லோபி என்ற ஆய்வாளர், சப்ரோலெக்னியா டிக்லைனா இனத்தை மூன்று வகையாகப் பிரித்தார். சால்மன் குடும்ப மீன்களைத் தாக்கும் வகைக்கு அடையாளம், உறைவித்தின் (நீந்துவதை நிறுத்தி உறை போட்ட வித்து) மேல் உள்ள நீண்ட கொக்கி மயிர்க் கொத்து. அதைத் தெளிவாகப் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும், என்னிடம் இல்லை.

என்னை டி.என்.ஏ. பக்கம் சாய்த்தது பராமரிப்புதான். வடிவத்தை ஒப்பிட எல்லா வளர்ப்பும் உயிரோடு, ஒரே சூட்டில், ஒரே உணவில் இருக்க வேண்டும். சூடு மாறினால் அதே வளர்ப்பு வேறு முட்டைக் கணக்கைக் காட்டும். அதைத் தனி வகை என்று எழுதிவிடுவோம். அடிக்கடி புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும். நம் ஊர் வெக்கையில் பாக்டீரியா முந்திக்கொள்ளும். போன தீபாவளி விடுமுறையில் கரண்ட் போய் இரண்டு வளர்ப்பு செத்தன. படம் வரைந்து முடிக்கவில்லை, அவற்றைப் பற்றி இனி எதுவும் சொல்ல முடியாது. இனத்தை அடையாளம் காணப் பயன்படும் ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதியை ஒரு தரம் படித்துவைத்திருந்தால் தட்டு போனாலும் எழுத்து வரிசை இருந்திருக்கும். பத்து வருடம் கழித்தும் வேறு நாட்டு வரிசையோடு பொருத்திப் பார்க்கலாம். செலவு கூடத்தான்.

மிச்சம் ஏழு வளர்ப்பையும் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அண்ணன் தொட்டியில் எடுத்தது முட்டைப் பையே விடவில்லை. வரிசைதான் அதைப் பாரிட் அக்லியா ஒன்றோடு சேர்த்தது.

ஆனால் ஏழு வளர்ப்பை வைத்துப் பெரிதாகப் பேச முடியாது. இன்னும் இரண்டு அக்லியாவில் ஐ.டி.எஸ். எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒரே சூட்டில் வளர்த்தும் ஒன்றில் பைக்கு முட்டை நாலைந்து, மற்றதில் பத்துக்கு மேல். அந்த இரண்டுக்கும் வகைப்பெயர் வைக்கவில்லை. வளர்ப்பின் எண்ணையும் எடுத்த பாரிட்டையும் எழுதி ஒட்டி, கொதித்து ஆறிய தண்ணீர்க் குப்பியில் எள்ளோடு உயிராகவே வைத்திருக்கிறேன்.