போலித் தந்தப் பிடிக்குச் சாயம் ஏற்றி மூன்று ஆண்டுகள்

டெக்சாஸில் என்னோடு துப்பாக்கி சுடும் நண்பர் ஒருவர், 1873 ஆம் ஆண்டு கோல்ட் (Colt) நிறுவன ரிவால்வரின் நகல் ஒன்றை வாங்கிவிட்டு, என்னுடையதில் உள்ளதைப் போன்ற பழுப்பேறிய, தந்தம் போலத் தோன்றும் ரெசின் (வார்க்கும் செயற்கைப் பிசின்) பிடிகளைத் தாமும் பொருத்தலாமா என்று கேட்டிருக்கிறார். 2016 இல் அமெரிக்கா ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்தை ஏறத்தாழ முழுமையாகத் தடுத்துவிட்ட பிறகு, என்னைப் போன்றவர்களுக்கு ரெசின்தான் கதி. அதில் எனக்கு வருத்தமுமில்லை.

வந்தபோது என் பிடிகள் குளியலறைச் சுவரில் பதிக்கும் ஓடு போல வெளுத்திருந்தன. குண்டுகளை அகற்றி, ஒற்றைத் திருகைக் கழற்றிப் பிடிகளை எடுத்து, இரண்டு நாள் கெட்டித் தேயிலைச் சாற்றில் ஊறவைத்தேன். ரெசின் நீரை உறிஞ்சாது என்பதால், ஒரு முறை கழுவியதும் நிறம் மொத்தமும் போய்விட்டது. பிறகு மிக நுண்ணிய ஸ்டீல் வுல்லால் (எஃகு நார்) பளபளப்பைத் தேய்த்தெடுத்து, ஆல்கஹாலில் நீர்த்த பழுப்புத் தோல் சாயத்தைத் துணியால் பூசி உடனே துடைத்தேன். பிடியில் வார்த்திருந்த கழுகின் சிறகுக் கோடுகளில் ஷூ பாலிஷை நிரப்பி மேற்பரப்பை வழித்தெடுத்ததும், இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் தளபதி ஜெனரல் பேட்டன் 1916 இல் வாங்கிய தந்தப் பிடி கோல்ட்டுக்குத் தூரத்து உறவு போல அது தோன்றியது என்று சொன்னால் மிகையாகாது.

எதிர்பாராத மகிழ்ச்சி அதன்பின் வந்தது. உள்ளங்கை உராயும் இடத்தில் வியர்வையும் எண்ணெயும் சாயத்தை மெல்ல மெல்லத் தேய்த்து வெளுக்கச் செய்ய, பள்ளங்கள் மட்டும் கருத்தே நின்றன. நான் திட்டமிட்டுச் செய்ததைவிட என் கை தன்பாட்டில் செய்த வேலை அழகாக அமைந்தது.

ஆனால் அந்தப் புள்ளிகள்! வார்ப்பின்போது சிக்கிய காற்றுக் குமிழிகளை ஸ்டீல் வுல் திறந்துவிட்டிருக்க வேண்டும்; ஒவ்வொரு ஊசித்துளையிலும் சாயம் இறங்கி, மிளகுத்தூள் தெளித்தாற்போல உறைந்துவிட்டது. தந்தத்தில் அப்படிப் புள்ளிகள் இருப்பதில்லை. இரத்தக் குழல்கள் ஓடிய எலும்பில்தான் இருக்கும். ஆக, யானைத் தந்தமாகக் காட்ட நான் பட்ட பாடெல்லாம் ஒரு மாட்டெலும்பில் போய் முடிந்தது. ஆல்கஹாலால் துடைத்தால் சுற்றியுள்ள நிறம் போகிறது, புள்ளி போவதில்லை. உட்புற மூலையில் அசிட்டோனைத் தொட்டுப் பார்த்தபோது ரெசினே பிசுபிசுத்தது. சாயமேற்றும் முன்பே துளைகளைச் சூப்பர் குளூவால் அடைத்து மட்டமாகத் தேய்த்திருக்க வேண்டும் என்பது இப்போது தெரிகிறது.

விலைக்கு இவை உறுதியானவை என்பதையும், மூன்று ஆண்டுகளில் ஒரு விரிசல்கூட விடவில்லை என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லியாக வேண்டும். பார்ப்பவர் எவரும் புள்ளிகளைக் கவனித்ததில்லை, நண்பர் உட்பட. இருந்தும் அவருக்கு நான் எழுதிய பதில், மரப்பிடி வாங்குங்கள் என்பதுதான்.