செங்கோட்டை வீட்டு மாடியில் ஒரு தண்ணீர் மட்டக் காட்டி: நான்காண்டு அனுபவம்

மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவதும், தொட்டி வழிந்து பக்கத்து வீட்டு முற்றம் நனைந்த பிறகு ஓடுவதும் எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டதால், நோட்எம்சியு என்னும் சிறு கணினிப் பலகை, காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பித் தூரம் அளக்கும் அல்ட்ராசானிக் சென்சார், நான்கு இலக்க டிஸ்ப்ளே ஆகியவற்றை இணைத்து ஒரு மட்டக் காட்டியை நானே செய்து மாட்டினேன். தொட்டி மூடியிலிருந்து அனுப்பும் ஒலி நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து, எத்தனை லிட்டர் இருக்கிறது என்று அது சமையலறைச் சுவரில் காட்டும். சென்சார் 5 வோல்ட்டில் பதில் தரும், பலகையோ 3.3 வோல்ட்டைத்தான் தாங்கும் என்பதால், வோல்ட்டைக் குறைக்க இடையில் இரண்டு ரெசிஸ்டர்கள் போட வேண்டும்.

முதலில் மாட்டியது திறந்த வகைச் சென்சார். ஆனி, ஆடிச் சாரலில் அதன் கால்கள் பச்சை பூத்து, ஒரே பருவத்தில் செத்துவிட்டது. பிறகு நீர்புகா வகைக்கு மாறினேன். ஏறத்தாழ 20 செ.மீ.க்கு உள்ளே இருப்பதை அதனால் அளக்க முடியாது என்பதால், மூடியில் ஒரு குழாய்த் துண்டை நிறுத்தி அதன் உச்சியில் பொருத்தியிருக்கிறேன். அன்று முதல் பழுதில்லை.

ஆனால் பங்குனியில் ஒரு வினோதம் தென்பட்டது. நடுப்பகலில், மோட்டார் ஓடாமலே, தண்ணீர் 20 லிட்டர் கூடியது; இரவில் அது தானாகக் குறைந்தது. கசிவு என்றால் குறையலாம், கூடுவது எப்படி? நிரலை இரண்டு முறை மாற்றி எழுதியும் விடை கிடைக்கவில்லை. சாரல் தொடங்கி, ஆரியங்காவுப் பக்கமிருந்து மேகம் மூடியபடியே இருந்த நாள்களில் இந்த ஏற்றம் அறவே நின்றுபோனபோதுதான் பொறி தட்டியது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடும். இரவில் 26 டிகிரியாக இருக்கும் தொட்டிக் காற்று பகலில் 44 டிகிரியானால், வேகம் 3 சதவீதம் கூடுகிறது; எதிரொலி சீக்கிரம் திரும்புகிறது; நிரலோ பழைய வேகத்தையே வைத்துக் கணக்கிடுவதால், சென்சாருக்கும் நீருக்கும் நடுவே உள்ள 80 செ.மீ. இடைவெளி இரண்டரை செ.மீ. குறைந்ததாகத் தெரிகிறது. ஒரு மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் ஒரு செ.மீ. என்பது ஏறத்தாழ 8 லிட்டர். கணக்கு சரியாக வந்த அந்த மாலை, இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியை அரைக்க மறந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வெப்பநிலைச் சென்சார் ஒன்றைச் சேர்த்ததும் பிழை மறைந்தது. மறைந்ததில் எனக்குச் சற்று வருத்தமும் உண்டு.

இப்போது அந்த நான்கு இலக்கங்களே என்னை வேறு பக்கம் இழுக்கின்றன. மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் 1949இல் கண்டறிந்த விளையாட்டு அது: இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழித்துக்கொண்டே போனால், நான்கும் ஒன்றாக இல்லாத எந்த எண்ணும் அதிகபட்சம் ஏழு படிகளில் 6174இல் வந்து நிற்கும். நேற்றுக் காலை திரையில் 0873. 8730இலிருந்து 0378 போனால் 8352; 8532இலிருந்து 2358 போனால் 6174. இரண்டே படி.

தண்ணீரை மிச்சப்படுத்த மட்டும் வேண்டுமென்றால், கடையில் கிடைக்கும் மிதவை சுவிட்சே மலிவு, அதை வாங்குங்கள். அம்மா இன்றும் மாடியேறித் தொட்டியைத் தட்டித்தான் பார்க்கிறார். அவர் சொல்லும் அளவும் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.