பாதியில் நிற்கும் அப்பாவின் கார்: முடிப்பதா, கொடுப்பதா?

ஷெட்டில் ஒன்பது வருடமாக ஒரு மோரிஸ் மைனர் நின்றது. நான்கு மரக்கட்டைகள்தான் அதற்குச் சக்கரம். இன்ஜின் தனியாக ஒரு ஸ்டாண்டில், கதவுகள் சுவரோரம், இருக்கைகள் பரணில். அப்பா ஆசை ஆசையாகப் பிரித்தார், திரும்பப் பூட்டி முடிப்பதற்குள் போய்விட்டார். அலமாரி நிறையத் தகர டப்பாக்கள். ஒவ்வொன்றின் மேலும் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘முன் இடது பிரேக்’, ‘ரேடியேட்டர், 4 போல்ட், ஒன்று குறைகிறது’.

இப்படியொரு வண்டி இருக்கிற வீட்டில் பேச்சு எப்போதும் ஒரே இடத்தில்தான் முட்டும். வைத்துக்கொள்வதா, விற்பதா? வருடக்கணக்கில் இதைச் சுமந்த பிறகு எனக்குப் புரிந்தது, ‘வைத்துக்கொள்வது’ என்பது ஒரு வழி அல்ல, இரண்டு. முடிப்பது ஒன்று, அப்படியே விட்டுவைப்பது இன்னொன்று. நம்மில் பலர் முதலாவதைச் சொல்லிக்கொண்டு இரண்டாவதைச் செய்கிறோம்.

அப்படியே விட்டுவைத்தால்

செலவில்லாத வழி என்று தோன்றும். ஆனால் வண்டி நாம் விட்ட இடத்தில் காத்திருப்பதில்லை. பாடியை பிரைமர் என்ற அடிப்பூச்சோடு நிறுத்தியிருந்தால் இதை இன்னும் கவனிக்க வேண்டும். சாதாரண பிரைமருக்கு நுண்துளைகள் உண்டு; ஈரம் அதன் வழியே தகட்டுக்கு இறங்கும். மேலே சாம்பல் நிறம் சுத்தமாகத் தெரியும், அடியில் துரு பரவிக்கொண்டிருக்கும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். பாதுகாப்பு என்று நினைத்து பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போர்த்துவது அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டிவைப்பதற்குச் சமம். காற்றோட்டமுள்ள துணி உறை போதும்.

இன்ஜினும் அப்படித்தான். பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் ஜாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளை வழியே கொஞ்சம் எண்ணெய் விட்டு, மாதத்துக்கு ஒருமுறை கையாலேயே பிஸ்டன்களை அசைக்கும் கிராங்க்கைச் சுற்றியிருந்தால் அந்தத் தொல்லை வந்திருக்காது. டேங்கில் மிஞ்சிய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரில் எரிபொருள் போகும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும். வழக்கமான பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, பிரேக் சிலிண்டரை உள்ளிருந்தே அரிக்கும். டயர் பார்வைக்குப் புதுசாக இருக்கலாம், அதை நம்ப வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2311 என்றால் 2011-ஆம் வருடத்தின் 23-வது வாரத்தில் செய்தது.

அதனால் இந்த வழியை நான் ‘பாதுகாப்பது’ என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். நம் கண் முன்னாலேயே வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, அவ்வளவுதான்.

முடிப்பதும் கொடுப்பதும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். முதலில் நேரம். ஒரு முழு மறுசீரமைப்புக்கு ஆயிரம் மணி நேரம் என்பது மிகையான கணக்கல்ல. வாரம் ஐந்து மணி நேரம் ஒதுக்கினால் இருநூறு வாரம், ஏறக்குறைய நான்கு வருடம். அதுவும் ஒரு வாரம்கூடத் தவறாமல். கொடுப்பதற்கோ சில வாரக் காகித வேலையும் நான்கைந்து பேரிடம் பேசும் பொறுமையும் போதும்.

பணத்தில் பலர் ஏமாறுவது இன்ஜினைப் பார்த்து. இன்ஜின் வேலைக்கு ஓர் அளவு உண்டு, எதை மாற்ற வேண்டும் என்று பிரித்ததும் தெரிந்துவிடும். பணத்தை விழுங்குவது டிங்கரிங்கும் பெயிண்டும்தான். மைனர் தனி சேஸிஸ் இல்லாத வண்டி, பாடியே தாங்கும் கட்டமைப்பு. கதவுக்குக் கீழே ஓடும் சில், பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், குறுக்குச் சட்டம் ஆகியவை அரித்துப் போனால் அழகு மட்டுமல்ல, பலமே போய்விடும். ஸ்க்ரூடிரைவர் முனையால் சில்லை அழுத்திப் பாருங்கள், உள்ளே போனால் தகடு இல்லை. காந்தம் ஒட்டாத இடத்தில் இருப்பது தகடு அல்ல, பள்ளத்தை நிரப்பிய பட்டி. இந்தச் சோதனையைச் செய்யாமல் ‘முடிப்பேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

எந்த மாடல் என்பதும் பெரிய விஷயம். மைனர் 1948-இல் வந்து 1970-களின் தொடக்கம்வரை பதினாறு லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இரண்டு கோடியே பதினைந்து லட்சத்தைத் தாண்டி, 2003-இல்தான் நின்றது. இவற்றுக்குப் பல பாகங்களைப் புதிதாகவே செய்து விற்கிறார்கள். அரிய வண்டி என்றால் ஒரு பின் விளக்குக் கண்ணாடிக்காக வருடக்கணக்கில் அலைய நேரிடும். மாறாக, லட்சக்கணக்கில் ஓடிய வண்டிக்குச் சந்தை மதிப்பு அவ்வளவு ஏறாது, முடிக்க ஆகும் செலவு முடித்த வண்டியின் விலையைத் தாண்டுவது சகஜம். ஆகவே ‘முடித்துவிட்டு நல்ல விலைக்கு விற்கலாம்’ என்ற யோசனையை விட்டுவிடுங்கள். முடிப்பதானால் ஓட்டுவதற்காக முடியுங்கள்.

முடிக்கத் துணிந்தவர்களுக்கு ஒரு வழி உதவும்: பளபளப்பைத் தள்ளிவைத்து, முதலில் வண்டியை ஓடும், நிற்கும் நிலைக்குக் கொண்டுவருவது. அதிலும் பாதுகாப்பில் சமரசம் கூடாது. மைனரில் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ் ட்ரனியன் என்ற மூட்டு கிரீஸ் காணாமல் தேய்ந்து கழன்றால் சக்கரம் மடங்கி, வண்டியின் முன்பக்கம் தரையில் உட்கார்ந்துவிடும். அங்கே புதுப் பாகம், பிரேக்கில் புது ரப்பர், புதுக் குழாய். பெயிண்ட் பிறகு.

கொடுக்கும்போது இருப்பதை இருக்கிறபடியே, முழுசாக ஒருவரிடமே கொடுப்பதுதான் நல்லது. பாகம் பாகமாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கலாம், ஆனால் யாரும் தொடத் துணியாத ஒரு வெறும் கூடு நம் தலையில் மிஞ்சும். பிரித்துப் போட்ட வண்டியை வாங்குபவரின் பயம் ஒன்றுதான்: எது குறைகிறது? எல்லாப் பாகங்களையும் தரையில் பரப்பிப் படமெடுத்து, குறைவதைப் பட்டியலிட்டு, துருவை மறைக்காமல் காட்டினால் அந்தப் பயம் பாதி போய்விடும். காகிதத்திலுள்ள இன்ஜின் எண், சேஸிஸ் எண் வண்டியோடு பொருந்துகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இறந்தவர் பெயரிலேயே பதிவு இருந்தால் வாரிசு மாற்றத்தை முதலில் முடியுங்கள்.

மனசு

இது எந்தக் கணக்கிலும் அடங்காது. தம்பி ஒருநாள் கேட்டான்: “அண்ணே, உனக்கு அந்த வண்டிய ஓட்டணுமா, இல்ல அப்பா அதுக்குப் பக்கத்துல நிக்கணுமா?” அன்று பதில் சொல்ல வரவில்லை. வண்டி வேண்டும் என்றால் முடிக்கலாம். அவர்தான் வேண்டும் என்றால் முடித்த வண்டியிலும் அவர் இருக்க மாட்டார்.

அதனால் எனக்கு நானே மூன்று மாதம் கொடுத்தேன். ஷெட்டுக் கதவில் ஒரு தாளை ஒட்டி, உண்மையிலேயே ஸ்பேனரைப் பிடித்த நேரத்தை மட்டும் எழுதிவந்தேன். நின்று பார்த்தது, துணியால் துடைத்தது கணக்கில் கிடையாது. மூன்று மாத முடிவில் கூட்டினால் ஒன்பது மணி நேரம். இதே வேகத்தில் போனால் நான் இருக்கும்வரை முடியாது. நூறு மணி நேரம் வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிக்கச் சொல்லியிருப்பேன், எனக்கும் உங்களுக்கும்.

கொடுத்துவிட்டேன். ஏற்கெனவே ஒரு மைனரைத் தன் கையாலேயே முடித்திருந்த ஒருவர் வாங்கிக்கொண்டார். அதிக விலை சொன்ன இன்னொருவருக்குப் பாகங்கள்தான் தேவைப்பட்டன, மனம் ஒப்பவில்லை. வந்தவர் முதலில் போனது இன்ஜினிடம் அல்ல, அலமாரிக்கு. டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, சீட்டை வாய்விட்டுப் படித்து, குலுக்கிப் பார்த்துப் பெட்டியில் அடுக்கினார். சீட்டுகளைக் கிழித்து வைத்துக்கொள்ள நினைத்திருந்தேன். அதைப் பார்த்த பிறகு கை வரவில்லை. அவை இல்லாமல் அவரால் பூட்ட முடியாது.

ஒரு டப்பா மட்டும் குலுங்கவில்லை. ‘வலது கதவுக் கீல்’ என்று எழுதியிருந்தது. கீல் வண்டியிலேயே இருந்தது, போல்ட் எல்லாம் இறுக்கமாக. அதை மட்டும் அப்பா பூட்டி முடித்திருக்கிறார். அந்தக் காலி டப்பாவை வாங்க வந்தவர் என் கையில் கொடுத்தார்.