சிசிக்: ஏஞ்சலஸ் தட்டா, மணிலா தட்டா?

பிலிப்பைன்ஸின் பம்பாங்கா மாகாணத்தில், ஏஞ்சலஸ் நகர ரயில் பாதையோரம் 1974இல் லூசியா குனானன் தொடங்கிய கடை ‘அலிங் லூசிங்’. அங்கே சிசிக் என்னும் இறைச்சி உணவுக்காகப் பன்றியின் முகத்தையும் காதையும் வேகவைத்து, கரியில் சுட்டு, பொடியாக நறுக்குகிறார்கள். கோழி ஈரல், வெங்காயம், மிளகாய் சேர்கின்றன. கலமான்சி என்னும் குட்டி எலுமிச்சையைப் பிழிந்ததும் கொழுப்பின் திகட்டல் அடங்கிவிடுகிறது. காதின் குருத்தெலும்பு நறுக்கென்று கடிபடுவதுதான் இதன் உயிர்!

மணிலாவின் பல உணவகங்களிலோ, சீறும் இரும்புத் தட்டில் முட்டையை உடைத்து ஊற்றுகிறார்கள், மயோனைசும் உண்டு. சோற்றோடு பிசைய இதமானதுதான். ஆனால் புளிப்பும் கரிமணமும் அந்த வழவழப்பில் மூழ்கிவிடுகின்றன. 1732இல் அச்சான, பம்பாங்கா மக்களின் மொழியான கபம்பாங்கனின் அகராதியிலேயே சிசிக் புளிப்புக் கலவையாகத்தான் பதிவாகியிருக்கிறது. முதன்முறை சாப்பிடுபவரை நான் ஏஞ்சலஸுக்கே அனுப்புவேன்.