கையைக் கடிக்காத கிறிஸ்துமஸ் பரிசு: காகித மைக்ராஸ்கோப்

கிறிஸ்துமஸ் பரிசுக்கு நிறையச் செலவழிக்க முடியாத வருஷங்களில் நான் தேடிப்போய் வாங்குவது ஃபோல்ட்ஸ்கோப். தாளை மடித்துச் செய்கிற மைக்ராஸ்கோப் அது. அண்ணன் மகளுக்குக் கொடுத்திருக்கிறேன், ஓய்வுபெற்றுத் தோட்டமே கதியென்று இருக்கும் மாமாவுக்குக் கொடுத்திருக்கிறேன், தூரத்தில் இருக்கும் சிநேகிதிக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மூன்று பேரும் மூன்று விதமான ஆட்கள். ஒருவர் வீட்டிலும் அது பரணுக்குப் போகவில்லை. அதனால் தயங்காமல் சிபாரிசு செய்கிறேன்.

ஒரு நிபந்தனை உண்டு. வாங்கிய கவரோடு அப்படியே வண்ணத்தாள் சுற்றிக் கொடுத்தால் இது பாதிப் பரிசுதான். மீதிப் பாதியை நாம்தான் சேர்க்க வேண்டும். அதற்குப் பெரிதாகக் காசு வேண்டியதில்லை, ஒரு சாயங்காலம் போதும். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். முதலில் பொருளைப் பார்ப்போம்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கியது இது. இதன் வடிவமைப்பை விளக்கும் ஆய்வுக்கட்டுரை 2014-இல் வெளியானது. விலையுயர்ந்த கருவிகள் போய்ச்சேராத இடங்களுக்கும் ஒரு நுண்ணோக்கி போக வேண்டும், அதன் பாகங்களுக்கு ஆகும் செலவு ஒரு டாலருக்குள் அடங்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட கணக்கு. நாம் கொடுக்கும் விலை அதைவிடக் கூடத்தான். ஆனாலும் பெட்டியில் வரும் மைக்ராஸ்கோப்புகளோடு ஒப்பிட்டால் மிகமிகக் குறைவு. உலகம் முழுக்க 10 லட்சத்துக்கும் மேல் போயிருக்கின்றன என்பதால் கிடைப்பதும் அப்படியொன்றும் கஷ்டமில்லை.

கவரைப் பிரித்தால் மைக்ராஸ்கோப் எதுவும் கண்ணில் படாது. தட்டையான தாள்தான் இருக்கும். நனைந்தாலும் ஊறாத, கிழிக்க முயன்றால் லேசில் கிழியாத தாள். அதில் அச்சிட்டிருக்கும் பாகங்களைக் கோட்டோடு பிரித்தெடுத்து, மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருக வேண்டும். அவசரப்படாமல் செய்தால் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். எனக்கு இந்த அரைமணி ரொம்பப் பிடிக்கும். பரிசைப் பிரித்த குழந்தையும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரும் ஒரே மேஜையில் குனிந்து "இது எதுக்குள்ள போகணும்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். பெட்டியைத் திறந்ததும் முழுதாக வந்து நிற்கும் பொருளில் இந்த நேரம் கிடைப்பதில்லை.

எல்லாம் சேர்த்து முடித்ததும் கையில் இருப்பது ஒரு பட்டையான அட்டை, நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி உருண்டை. அந்த உருண்டைதான் லென்ஸ். குறுக்களவு 2.4 மில்லிமீட்டர் உள்ள உருண்டை 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். உருண்டை சின்னதாக ஆக ஆக வளைவு கூடும், ஒளி சீக்கிரம் குவியும், பெரிதாக்கும் சக்தியும் ஏறும். இது புதிய தத்துவம் கிடையாது. 17-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் துணி வியாபாரம் செய்த லேவன்ஹூக், தானே தேய்த்த ஒற்றை லென்ஸை வைத்துத்தான் ஏரித் தண்ணீரில் நீந்தும் நுண்ணுயிர்களைப் பார்த்தார். குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் இதை ஒரு சின்னத் தாளில் எழுதி உள்ளே வையுங்கள். ஒரு வியாபாரி வீட்டில் உட்கார்ந்து செய்த வேலைதான் தன் கையிலும் இருக்கிறது என்று தெரிந்தால் பிடிக்கிற பிடியே மாறிவிடும்.

ஒற்றை லென்ஸ் என்பதால் இன்னொரு சௌகரியமும் உண்டு. பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் உருவம் தலைகீழாகத் தெரியும், பார்க்கும் பொருளை வைத்த தகடான ஸ்லைடை வலப்பக்கம் தள்ளினால் காட்சி இடப்பக்கம் ஓடும். இதில் கண்ணை வைத்துப் பார்க்கும்போது உருவம் நேராகவே தெரியும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

சரி, அந்த மீதிப் பாதி. வெறும் கருவியைக் கொடுத்தால் முதல் கேள்வி "இதுல எதைப் பார்க்கறது?" என்பதுதான். கையில் எதுவும் தயாராக இல்லாவிட்டால் தலைமுடியைப் பார்ப்பார்கள், உப்பைப் பார்ப்பார்கள், அத்தோடு சரி. அதனால் நான் எப்போதும் சில ஸ்லைடுகளை முன்கூட்டியே செய்து கருவியோடு வைத்துவிடுகிறேன். யாருக்குக் கொடுக்கிறேனோ அவர்களுடைய வீட்டுப் பொருளிலிருந்தே செய்கிறேன்.

மாமாவின் தோட்டத்தில் ஒரு செம்பருத்தி இருக்கிறது. அதை அவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள் போயிருந்தபோது ஒரு பூவைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். மகரந்தத்தை ஒளி ஊடுருவும் டேப்பில் லேசாகத் தொட்டு எடுத்து ஸ்லைடில் ஒட்டினேன். ஓரத்தில் "மாமா வீட்டுச் செம்பருத்தி" என்று எழுதித் தேதியும் போட்டேன். செம்பருத்தி மகரந்தம் மற்ற பல பூக்களின் மகரந்தத்தைவிடப் பெரியது, உருண்டையானது, சுற்றிலும் முள் நிறைந்தது. வண்டின் உடம்பிலும் பறவையின் இறகிலும் ஒட்டிக்கொள்ள அந்த முள் உதவுகிறது. மாமா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பார்த்தார், கருவியை இறக்கவே இல்லை. "என்னம்மா இது, முள்ளு முள்ளா இருக்கு! நம்ம செடியா இது?" என்றார். அன்று மதியமே தோட்டத்தில் வேறு என்ன பூத்திருக்கிறது என்று பார்க்கக் கிளம்பிவிட்டார். இன்றைக்கு அவரிடம் அவரே செய்த ஸ்லைடுகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.

அண்ணன் மகளுக்கு வேறு மாதிரி செய்தேன். ஸ்லைடுகளில் பெயர் எழுதாமல் எண் மட்டும் போட்டேன். விடைகளைத் தனிக் கவரில் வைத்து ஒட்டிவிட்டேன். ஊகித்து எழுதிய பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று நிபந்தனை. பருத்தி நூல், கம்பளி நூல், செத்துக் கிடந்த விட்டில்பூச்சியின் இறகுத்தூள், அவள் வளர்க்கும் தொட்டிச் செடியின் இலை எல்லாம் அதில் இருந்தன. பருத்தி இழை தட்டையாக, அங்கங்கே முறுக்கிக்கொண்டு தெரியும். கம்பளி உருண்டையாக, தடியாகத் தெரியும். சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் உள்ள வித்தியாசத்தை இழையிலேயே பார்த்துவிடலாம். விட்டிலின் இறகைத் தொட்டால் விரலில் ஒட்டும் தூள் உண்மையில் தூளே அல்ல, வரிசையாக அடுக்கியிருக்கும் செதில்கள்.

இலை ஸ்லைடு செய்யும் முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். எல்லாவற்றிலும் அதுதான் அழகாக வரும், நாள்பட இருக்கும். ரோமம் இல்லாத, ஓரளவு தடித்த இலையாகப் பாருங்கள். அதன் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நகப்பூச்சை ஒரு மெல்லிய பூச்சாகத் தடவி முழுக்கக் காயவிடுங்கள். தொட்டால் ஒட்டக் கூடாது. அப்புறம் அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்தால் காய்ந்த பூச்சு இலையின் அச்சை எடுத்துக்கொண்டு டேப்போடு வந்துவிடும். அதை ஸ்லைடில் ஒட்டினால் வேலை முடிந்தது. இலையே அதில் இல்லாததால் வாடவோ அழுகவோ எதுவும் இல்லை. 140 மடங்கில் பார்க்கும்போது செல்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருப்பதும், இடையிடையே இலைத்துளைகள் இருப்பதும் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு துளைக்கும் இரண்டு பக்கமும் அவரை விதை வடிவத்தில் ஒரு ஜோடிச் செல்கள். அவற்றில் நீர் நிறைந்தால் வளைந்து துளையைத் திறக்கும், நீர் குறைந்தால் மூடிவிடும். "அத்தை, ஒரு இலைக்கு இத்தனை வாயா?" என்று கேட்டாள் அவள். விடைக் கவரைப் பிரிக்கவும் மறந்துவிட்டாள்.

சிநேகிதிக்கு அனுப்பியதில் உப்பு ஸ்லைடு வைத்தேன். உப்புக் கரைசலில் ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு ஆறப்போட்டால் தண்ணீர் வற்றி, கத்தியால் வெட்டிய மாதிரி சதுர ஓரம் வைத்த படிகங்கள் நிற்கும். கூடவே கடிதத்தில் வானியலாளர் கெப்ளரைப் பற்றி எழுதினேன். 1611-இல் ப்ராக் நகரத்தில் இருந்த அவர் தன் புரவலருக்குப் புத்தாண்டுப் பரிசாகப் பொன்னும் பொருளும் தராமல், பனித்துகள் ஏன் எப்போதும் ஆறு முனையோடு விழுகிறது என்று யோசித்து ஒரு சிறிய நூலை எழுதிக் கொடுத்தார். படிகங்களின் வடிவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தப் பரிசைக் குறிப்பிடுகிறார்கள். கையில் இருப்பது யோசனை மட்டும்தான் என்றாலும் நல்ல பரிசு கொடுக்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த அருமையான உதாரணம் அது. தபாலுக்கும் இந்தக் கருவி மிக ஏற்றது. கருவி மட்டும் 10 கிராம்கூட இருக்காது, கடிதத்தோடு ஒரே கவரில் போய்விடும். ஸ்லைடுகளை மட்டும் தடித்த அட்டைக்கு நடுவில் வையுங்கள்.

வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதும் இருக்கிறது. உருண்டை லென்ஸில் நடுப்பகுதிதான் துல்லியமாகத் தெரியும், ஓரம் மங்கும். அது ஒற்றை லென்ஸின் இயல்பு. கண்ணை லென்ஸுக்கு ஒட்டினாற்போல வைக்க வேண்டும், விரலால் தாளை மயிரிழை அளவுக்கு நகர்த்தித்தான் தெளிவைப் பிடிக்க வேண்டும். பழகும் வரை பொறுமை வேண்டும். கை நடுங்குகிறவர்களுக்கும் வெகுநேரம் ஒற்றைக் கண்ணால் பார்க்க முடியாதவர்களுக்கும் கூடவே வரும் காந்தத்தை வைத்து போன் கேமராவில் பொருத்திக் கொடுத்துவிடுங்கள், திரையில் பார்த்துக்கொள்ளலாம். வீடே கூடிப் பார்ப்பதற்கும் அதுதான் வசதி. வெளிச்சத்தை நோக்கிப் பார்க்க வேண்டும் என்பதால் சூரியனைப் பார்த்துத் தூக்கக் கூடாது என்று குழந்தைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சமோ விளக்கு வெளிச்சமோ போதும். அந்தக் காந்தம் மிகச் சிறியது, விழுங்கினால் ஆபத்து. கிடைத்ததையெல்லாம் வாயில் போடுகிற பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இது வேண்டாம்.

கிருமியைப் பார்க்கலாம் என்று ஆசைகாட்டிக் கொடுக்காதீர்கள். சுமார் 2 மைக்ரான் வரைதான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இது பிரித்துக் காட்டும். பெரும்பாலான பாக்டீரியாக்களின் தடிமன் அதைவிடக் குறைவு. குட்டைத் தண்ணீரில் நீந்தும் பாரமீசியம் போன்ற ஒற்றைச்செல் உயிர்கள் தாராளமாகத் தெரியும். எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக் கொடுத்தால் ஏமாற்றம் இருக்காது.

இதே ஆசையில் நிறையப் பேர் வாங்குவது பொம்மைக் கடை பிளாஸ்டிக் மைக்ராஸ்கோப். அட்டைப்பெட்டியில் 1200 மடங்கு என்று பெரிதாகப் போட்டிருக்கும். அப்படி ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. 1200-இல் வைத்தால் சாம்பல் நிற மங்கலைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. லென்ஸ் தாங்கும் அளவுக்கு மேல் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும், புதிதாக எதுவும் தெரியாது. அதில் பார்த்த பிள்ளை கண்ணில் நீர் தளும்ப "எனக்குத்தான் பார்க்கத் தெரியலையா?" என்று கேட்டதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம்தான். பெட்டியில் எண்ணைப் பெரிதாகப் போட்டு விற்கும் எதையும் குழந்தைக்கு வாங்காதீர்கள்.

ஃபோல்ட்ஸ்கோப்பை மடிக்கவும் ஸ்லைடு செய்யவும் பொறுமை இல்லாத ஆள் என்றால், அதைவிடவும் செலவு குறைந்த நல்ல பரிசு 10 மடங்குக் கைலென்ஸ், நகை பார்க்கிறவர்கள் வைத்திருக்கும் மடக்கு வகை. எந்தத் தயாரிப்பும் வேண்டாம். எறும்பு, பூ, தபால்தலை, அச்சுப் படத்தின் வண்ணப் புள்ளிகள் எல்லாம் அருமையாகத் தெரியும். பிடிக்கும் முறையை மட்டும் சொல்லிக் கொடுங்கள். லென்ஸைப் பொருளுக்குப் பக்கத்தில் பிடிக்காமல் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, பொருளைச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

ஃபோல்ட்ஸ்கோப் வெறும் கருவியாகவும் கிடைக்கிறது, விளக்கு, ஸ்லைடு போன்றவை சேர்ந்த பெட்டியாகவும் கிடைக்கிறது. பட்ஜெட் சின்னது என்றால் வெறும் கருவியையே வாங்குங்கள். பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் ஒரு கட்டு ஸ்லைடும் ஒரு டேப்பும் வாங்கி மேலே சொன்ன மாதிரி நீங்களே நிரப்பிக் கொடுக்கலாம். பூவையும் இலையையும் அவர்கள் வீட்டிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதால் டிசம்பர் பிறந்ததுமே ஒரு நடை போய்வந்துவிடுங்கள்.